இரைச்சல் நீக்கிய பிறகு

திட்டத்தின் வரவு செலவு என் பொறுப்பு.
நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி பதினான்கு,
பனித்துளைப்பான் ஒன்று,
முழங்கால்வரை ஏறும் ரப்பர் காலணி ஐந்து ஜோடி,
வெங்காயச் சரம் மூன்று. ரசீது இல்லை.
வெங்காயமா என்று கேட்டது
தார்த்துப் பல்கலைக்கழக நிதிப் பிரிவு.
பெய்ப்சி ஏரிக்கரை அவ்தேய் கூலி வாங்கமாட்டார்,
அவர் தோட்டத்து வெங்காயத்தை வாங்கினால்தான்
ஏரிக்குள் கூட்டிப்போவார் என்று எழுதினேன்.
இன்னும் பதில் இல்லை.

உறையும்போது முனகும் ஏரி, உறைந்தபின் வெடிக்கும்.
அந்தச் சத்தத்தைக் கேட்டே
பனி ஆளைத் தாங்குமா என்று
இயந்திரம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.
இங்வார் இயற்பியல். தௌரி கணினி.
மெரிகே நாட்டார் வழக்காறு.
இவள் எதற்கு என்று முதல் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்,
அவளை வைத்துக்கொண்டே.
விண்ணப்பத்தில் 'பல்துறை' என்று போட்டுவிட்டோமே
என்றார் இங்வார், சமாதானமாக.

நான்காம் மாடியில் ஒரு மேசை, மூன்று அகராதி.
'எடை' என்றால் இங்வாருக்குக் கிலோ.
தௌரிக்கு, கோடிக்கணக்கான தசம எண்கள்.
'இரைச்சல்' என்றதும் இருவருக்கும் ஒரே குரல்:
நீக்கு.
மெரிகே மட்டும் கேட்டாள்: எதை?

இருமலை, என்றான் தௌரி.
சறுக்குவண்டி இழுபடும் கிறீச்சை,
மூக்கால் யாரோ முனகும் பாட்டை,
காலடியை.
பனியின் குரல் மட்டும் மிஞ்சவேண்டும்.

நீக்கியதை எனக்குக் கொடு என்றாள்.
குப்பைக்கு எதற்குச் சேமிப்பிடம் என்று
அரை நாள் வாக்குவாதம்.
நான்கு டெராபைட். இதர செலவில் எழுதிவைத்தேன்.

பிப்ரவரியில், சுத்தம் செய்யாத பதிவுகளை வைத்தே,
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரி.
கேக் வெட்டினார்கள். கேக்குக்கு ரசீது உண்டு.
மார்ச்சில், சுத்தமான ஒலியில் மறுபடி பயிற்றுவித்தான் தௌரி.
ஐம்பத்தொன்று.
காசு சுண்டினாலும் அதுதான் வரும்.

இங்வார் ஒலிவாங்கிகளைச் சந்தேகப்பட்டார்,
அப்புறம் தௌரியை.
தௌரி தூக்கத்தைத் துறந்தான்.
காபி இயந்திரத்தருகே யாரும் யாரிடமும்
பால் கேட்கவில்லை.

கண்டுபிடித்தவள் மெரிகே.
இரண்டு மாதமாகக் குப்பையைக்
கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.
'பத்திரம்' என்று குறித்த பதிவிலெல்லாம்
ஓர் இருமல், இல்லையென்றால் ஒரு காலடி.
'ஆபத்து' என்று குறித்ததில் ஆளரவமே கிடையாது.
பின்னே?
மெல்லிய பனியில் போய் எவர் இருமுவார்?

ஆக, எங்கள் இயந்திரம்
ஏரிக்குக் காதே கொடுக்கவில்லை.
அவ்தேய் நிற்கிறாரா என்று பார்த்திருக்கிறது.
நின்றால் போ.
இல்லையா, கரையிலேயே இரு.
ஒன்றும் மட்டமான புத்தியில்லை.
நான் சாலை கடப்பதும் அப்படித்தான்.

அவ்தேயிடம் சொன்னபோது
சிரிப்பார் என்று நினைத்தோம்.
பீட்டர் எனக்குப் பத்தடி முன்னால் போனான்,
மூழ்குகிற வரைக்கும் இருமிக்கொண்டுதான் போனான்
என்றார்.
எந்த வருஷம் என்று மெரிகே கேட்கவில்லை.
பதிவுக்கருவியை அணைத்தாள்.

அறிக்கையில் 'எதிர்பாராத முடிவுகள்' என்றொரு கட்டம்,
இருநூறு சொல்லுக்கு மேல் கூடாது.
யார் பெயர் முதலில் என்பதில்
மூவருக்கும் இன்னும் மனத்தாங்கல்.
இந்த முறை,
தன் பெயர் கடைசியில் வரட்டும் என்கிறான் தௌரி.

மார்ச் கடைசி. வெயில் ஒரு கைப்பிடி.
புது மாதிரியுடன் கரையில் நின்றோம்.
ஆளில்லாத ஏரி. திரையில் ஒரே சொல்:
தெரியவில்லை.
அப்படிச் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுக்க
ஒரு மாதச் சம்பளம் செலவாகியிருந்தது.

இங்வார் தௌரியைப் பார்த்தார்.
தௌரி மெரிகேயை.
மெரிகே தன் காலணியை.
குளிர் தொண்டையைப் பிறாண்ட
நான் இருமினேன்.

மூவரும் திரும்பி
என் காலடியைப் பார்த்தார்கள்.