இருவருக்கும் ஒரே அறை

செந்தூலில், மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி.
இரட்டைக் கோபுரம் தெரியும் என்று
வாடகையில் நூறு வெள்ளி கூட்டினார் வீட்டுக்காரர்.
அந்த ஜன்னலைத்தான் மெத்தை வைத்து அடைத்திருக்கிறேன்.
ஆறு மணிக்கு மேல் கீழே ஸ்பேனர் ஓயும்.
அதன் பிறகும் கொம்யூட்டர் ரயில் உண்டு,
எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே
முனகிக்கொண்டு போகும்.
அதை வெட்டலாம். ஒரு பித்தான், அவ்வளவுதான்.

ஷர்வினா பாடியது பிப்ரவரியில்.
அன்று குகநேசனுக்குத் தொண்டை கட்டியிருந்தது,
ஹெட்போன் ஒயரைச் சுருட்டிப் பிடித்தபடி
அவள் பக்கத்தில் நின்றான்.
அவன் பாடியது ஆகஸ்டில்.
நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.
அவள் உட்கார்ந்த நாற்காலியை மாற்றச் சொன்னான்,
மாற்றினேன்.
புது நாற்காலி கிறீச்சிட்டது, மூன்றாவது வரியில் கேட்டது,
அதையும் அழித்தேன்.

முதலில் சுத்தம்.
ஷர்வினாவின் 'ச'
தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி.
ஏழாயிரத்தில் கொஞ்சம் அமுக்கினேன்.
குகநேசனுக்கு மேலே போனால்
ஸ்ருதி ஒரு நூல் இறங்கும்.
மென்பொருள் அதைப் பச்சைப் புழுவாகக் காட்டும்,
நுனியைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்துவிடலாம்.
எல்லாவற்றையும் வைத்தால்
லிப்டில் மாடி எண் சொல்லும் குரலாகிவிடுவான்.
நான்கு புழுக்களை வைத்தேன், ஐந்தாவதை விட்டேன்.
'வா' என்கிற இடம் அது.
கூப்பிடுகிறவன்
கொஞ்சம் இறங்கித்தான் கூப்பிட வேண்டும்.

அப்புறம் இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்துவது.
எதிரொலிதான் சுவர்.
தேவாலயம், குகை, கச்சேரி மண்டபம், குளியலறை,
பட்டியலில் எழுபது அறைகள், எதற்கும் வாடகை கிடையாது.
மண்டபத்தில் அந்நியர்களாக நின்றார்கள்.
குளியலறையில் எனக்கே கூச்சமாக இருந்தது.
'சின்ன மர அறை' என்று ஒன்று,
அரை வினாடி வால்.
அவளைச் சற்று இடப்பக்கம், அவனைச் சற்று வலப்பக்கம்.
இரண்டு குரலும் ஒரே சுவரில் பட்டுத் திரும்பியபோது
ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன்,
தட்டாமல் கதவைத் திறந்துவிட்டவனைப் போல.

மாமாக் கடையில் ஒரு தே ஆய்ஸ். திரும்பி வந்தேன்.

இரண்டு நிமிடம் பதினோராவது வினாடி.
அவளுக்கு அங்கே வேலை இல்லை, அவன் வரி தொடங்குகிறது.
ஆனால் அவள் தடத்தில்
அரிசி மணி அளவுக்கு ஓர் அலை.
பெரிதாக்கினேன்.
மூச்சு.
அவன் பாடப்போகும் இடத்தில்
அவனுக்காக இழுத்த மூச்சு,
பாடாமலே விட்டது.
யாரும் பாடாத இடத்தை வெட்டுவதுதான் வழக்கம்.
வெட்டினேன்.
மீட்டேன்.
மறுபடி வெட்டிவிட்டு, மறுபடி மீட்டு,
பன்னிரண்டு டெசிபல் குறைத்து, விட்டுவிட்டேன்.

ஷர்வினா வாட்ஸ்அப்பில்: அவர் குரல் கூட.
குகநேசன், ஒரு மணி நேரம் கழித்து: அவங்க குரல் கூட.
ஒன்றையும் தொடவில்லை,
கோப்பின் பெயரில் நான்கை ஐந்தாக்கி அனுப்பினேன்.
இப்பதான் சரி, என்றாள்.
இப்பதான் சரி, என்றான்.

அன்றிரவு இரண்டு மணிக்கு அவனிடமிருந்து:
'2:11ல என்ன சத்தம் அது?'
ரயிலாக இருக்கும், எடுத்துவிடவா, என்று கேட்டேன்.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது. எழுதுகிறான்.
பிறகு ஒன்றும் இல்லை.
நான் விளக்கணைத்துப் படுத்தேன்.
மெத்தை ஜன்னலில் இருப்பதால்
தரையில்தான்.

வெள்ளிக்கிழமை மீதிப் பணம் வந்தது,
முந்நூற்றைம்பது வெள்ளி,
ஷர்வினாவின் கணக்கிலிருந்து.
குறிப்பு என்கிற கட்டத்தில்
'ரயில்' என்று இருந்தது.