ஷேட் என்ற கட்டத்தில்

டாக்டர் ஷாகிரா அனுப்பிய சீட்டில்
மேல்வரிசை முன்பல் ஒன்று: இல்லை.
இடப்பக்கத்துப் பல்: பாதி.
ஷேட்: ஏ த்ரீ, பக்கத்தில் கேள்விக்குறி.
கேள்விக்குறி போடும் டாக்டர்களை
எனக்குப் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை, இரண்டாம் மாடி.
கீழே மாங்கூழ் டப்பா மொத்த வியாபாரம்.
மேலே நான், கையகலச் சூளை ஒன்று,
பதினாறு வெள்ளைகள் தொங்கும் ஓர் அட்டை.
ஜெர்மனியில் எந்த வாயைப் பார்த்துச் செய்தார்களோ,
இந்தப் பக்கத்து வாய்க்கு அது பொருந்தி
மூன்றோ நாலோ தடவைதான் பார்த்திருக்கிறேன்.

திம்மராயன் நேரிலேயே வந்துவிட்டார்.
ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில்
ஏலம் கூவுகிறவர்.
லாரியிலிருந்து வீசிய காலிக் கிரேட்டின் மூலை
பல்லைக் கொண்டுபோனது.
"மத்தவங்களுக்கு அது அழகுங்க.
எனக்குத் தொழிலு.
பல்லு போச்சு, 'த' போச்சு.
முன்னூத்திப் பத்துனு கூவுறேன்,
முன்னூத்தி எட்டுனு எழுதிக்கறான்.
நாப்பது பெட்டிக்கு எம்பது ரூவா
என் கைய விட்டு."

டாக்டர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்.
கழற்றி மாட்டும் செட்:
மலிவு, ஆனால் மூன்றாம் கூவலில்
கிரேட்டுக்குள் விழுந்துவிடும் என்ற பயம்.
எலும்பில் திருகும் டைட்டானியம்:
"இருவத்தெட்டாயிரம்.
இன்னைக்கு வெலைக்கு எரநூறு பெட்டி.
போன ஆடியில பல்லு போயிருந்தா
இருவதே பெட்டிங்க."
எலும்பு ஆற மாதக்கணக்கு வேறு.
அதுவரை மண்டி காத்திருக்காது.
நடுவில் இருந்தது பாலம்:
இரண்டு பக்கத்துப் பல்லையும் செதுக்கி
மேலே மூன்றாய்ப் பூட்டுவது.
நல்ல பல்லைச் செதுக்க மனம் வரவில்லை.
இடப்பக்கம் எப்படியும் உடைந்ததுதானே என்று
பாதி வருத்தத்தோடு சம்மதித்தார்.

பத்து நாளைக்குத் தற்காலிகப் பாலம்.
வெள்ளையாக வேண்டும் என்று அவரே கேட்டார்,
கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார், மகளோடு.
"கூவுறப்ப வெலைய யாரும் கேக்கலைங்க.
வாயவே பாக்கறாங்க.
செம்மண்ணுல மூணு முட்ட வெச்ச மாதிரி
இருக்குதாம்."

ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.
மேல்வரிசை முழுக்கக் காவிக் கோடுகள்,
நடுநடுவே சுண்ணாம்புத் திட்டு.
பல் முளைக்கிற வயதில் குடித்த போர்த்தண்ணீர்
உள்ளிருந்தே எழுதியது.
எந்தப் பேஸ்ட்டும் அதை அழிக்காது.

ஹேமலதா, ஆறாவது படிக்கிறாள்.
ஒகேனக்கல் குழாய் வந்தபிறகு பல் முளைத்தவள்.
என் அட்டையில் முதல் வெள்ளை அவளுடையது.
"காசு குடுத்து யாராச்சும்
கறை வாங்குவாங்களாப்பா?"
அவர் பதில் சொல்லவில்லை.
வாய்க்குள் என் கண்ணாடி இருந்தது.

பூஜ்யம் நம்பர் தூரிகை.
பழுப்பு, கொஞ்சம் ஆரஞ்சு,
ஓரத்தில் நூலளவு சாம்பல்.
முதல் தடவை அதிகமாகிவிட்டது,
வெற்றிலைக் கறை போல.
துடைத்தேன்.
இரண்டாவது, கூச்சப்பட்டு
மிகவும் கம்மி.
சுவர்க் கண்ணாடிக்குப் போய்
உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.
இண்டூர்ப் பக்கத்துக் கிணறு, என்னுடையது.
கோடு எங்கே தடிக்கும், எங்கே உடையும் என்று
அங்கே இருந்தது.
கல்லூரி போட்டோக்களில்
நான் அதைத்தான் மூடியிருக்கிறேன்.

எழுநூற்று எண்பது டிகிரியில்
கறை பளபளப்போடு வெளியே வந்தது.
சீட்டில் ஏ த்ரீயை அடித்துவிட்டு எழுதினேன்:
ராயக்கோட்டை போர், இருநூறு அடி.
டாக்டர் போனில் சிரித்தார்.
பில்லில் மட்டும் அப்படி எழுதாதே என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு
தெரியாத நம்பர்.
பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம்,
கிரேட்டுகள் தரையில் இழுபடும் சத்தம்,
அதன்மேல் ஒரு குரல்:
"தொண்ணூறு! தொண்ணூறு ஒருதரம்!
மேடம், 'த' கேக்குதுங்களா?"
கேட்கிறது என்றேன்.
"எம்பத்தஞ்சு! எம்பத்தஞ்சு!
எம்பது, எம்பது…"
அத்தனை தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தது
தக்காளி.