கிடைக்கு வழி

டாக்டர் சார், கேட்குதா?
கண்மாய்க் கரையில நிக்கிறேன்.
இந்த மடைக்கல்லு மேல ஏறினாத்தான்
ரெண்டு கோடு வருது.
இறங்கினா அறுந்துரும்.

லொக்கேசன் அனுப்பச் சொன்னீகளாம்.
அனுப்பினதுல பேரே இல்லாத ஒரு கட்டம்,
நடுவுல சிவப்பாப் புள்ளி.
அதை வச்சு வந்தா நேத்துக் கிடைக்குத்தான் போவீக.
வாயாலேயே சொல்றேன், எழுதிக்கங்க.

கல்லல் ரோட்டுல தார் முடியிற இடத்துல
செம்புறாங்கல்லு வெட்டின பள்ளம் இருக்கும்.
வண்டியை இடது பக்கம் ஒடிங்க.
பூட்டிக் கிடக்குற செட்டியார் வீட்டுப் பின்சுவர்
அரை பர்லாங்குக்கு வரும்.
மேல பாசி.
இடுப்பு உயரத்துக்கு மட்டும் பளபளப்பு.
அது சுண்ணாம்பு மெருகு இல்ல சார்,
நாலஞ்சு தலைமுறை ஆடு உரசின எண்ணெய்.

சுவர் முடிஞ்சா ஆவாரம் பொட்டல்.
கணக்குல தரிசுன்னு இருக்காம்.
எழுதினவுக பங்குனியில வரலை போல.
உடைமரத்துல காய் உதிர்றப்ப வந்திருந்தா
வேற பேரு வச்சிருப்பாக.

பொட்டல்ல தடம் மூணாப் பிரியும்.
அகலமான தடத்துல போகாதீக,
அது மணல் லாரி போனது.
ஒத்தையடியா, நடுவுல புல்லு செத்துக் கிடக்கும் பாருங்க,
அதுதான் நம்ம வழி.

எத்தனை உருப்படின்னு கேட்டீக.
கீதாரி சாத்தையா எண்ணிச் சொல்ல மாட்டாரு,
எண்ணினா குறையும்பாரு.
நான் காதைப் பார்த்துச் சொல்றேன்:
இடது காதுல ஒத்த வெட்டு, முன்னூத்திச் சொச்சம்.
வலது காதுல ஓட்டை, நூத்தி எண்பது.
ரெண்டு காதும் முழுசா இருக்குற ஒம்பது
பஞ்சவர்ணத்தோடது.
புருசன் போன வருசத்துலருந்து
யாரு மேய்க்கிறாகன்னு யாரும் கேட்டதில்ல.

இன்னொண்ணு, சாத்தையா சொல்ல வேணாம்னாரு.
உடையான் பட்டியில ஆறு நாளா மூக்கொழுகுது,
வாயெல்லாம் புண்ணு.
மறைச்சுட்டான்.
நெல்லறுத்த வயக்காரரு முன்பணம் கொடுத்திருந்தாரு,
உர மூட்டை விக்கிற விலைக்கு
எங்க ஆட்டுக்குத்தான் இப்ப மரியாதை.
முந்தாநாள் ராத்திரி தெரிஞ்சுபோச்சு.
கம்பைத் தூக்கிட்டாக.
பொம்பளைக குறுக்க நின்னோம்.
அவன் கிடையைக் காத்துக்குக் கீழ,
ரெண்டு வயல் தள்ளி ஒதுக்கிட்டோம்.
தண்ணிக்கும் தனித் தொறை.
அவன் பிள்ளைகளுக்கு மட்டும்
எங்க சட்டியிலதான் கஞ்சி.

அவன் பட்டிக்குக் கடைசியாப் போங்க சார்.
நல்லது கிடக்குற பக்கம் முதல்ல ஊசி போட்டுட்டு,
கையக் கழுவிட்டு.
ஆனா போங்க.
பாதிப் பேரு பார்க்காம வண்டியைத் திருப்பிருவாக.

ஐஸ் பெட்டி உருகுறதுக்குள்ள வரணும்னா
வெயிலுக்கு முன்னால வாங்க.
இன்னைக்கு ராத்திரியோட இந்த வயல் முடியுது,
நாளைக்கு எந்த வரப்புல வலை கட்டுவோம்னு
சாத்தையாவுக்கே தெரியாது.

ஹலோ... சார்?
கேட்டுச்சுன்னா சரி.
கண்மாயத் தாண்டினதும் இறங்கி நடங்க,
கீழ பார்த்துக்கிட்டே.
புழுக்கை காஞ்சிருந்தா நாங்க கிளம்பிட்டோம்.
ஈரமாத் தெரியிற பக்கமா
வந்துக்கிட்டே இருங்க.