காற்பங்கு

காலை ஆறரைக்குச் சங்குப்பிட்டிப் பாலத்தில்
மைக்கைத் தட்டிப் பார்த்தேன். கேட்குதோ?
கேட்குதாம்.
பன்னிரண்டு ஆசனம், பதினொரு தொப்பி.
தொப்பியில்லாதவர் கடைசி வரிசை,
படிவத்தில் ஊரை எழுதாமல் விட்டவர்.

வலப்பக்கம் கடல்.
மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கம்தான்,
திரும்பி வரும்போது மற்றப் பக்கத்தாருக்கு
என்று சண்டையைத் தீர்த்துவைத்தேன்.

பூநகரிக் கோட்டை. ஒல்லாந்தர் கட்டியது என்றேன்.
அதற்கு முன்னமே போர்த்துக்கேயர் என்றது ஒரு கைபேசி.
கைபேசி வென்றது.
உள்ளே மேய்ந்த மாடு எதிலும் தலையிடவில்லை.

கடலட்டைப் பண்ணை:
இடுப்பளவு நீரில் வலை, கம்பு, காவற்குடில்.
இதை நீங்கள் சாப்பிடுவீர்களா?
இல்லை, சீனாக்காரர் சாப்பிடுவார்கள்,
நாங்கள் இரவில் முழித்திருப்போம்.
நன்றாகச் சிரித்தார்கள். நாளைக்கும் சொல்லலாம்.

மண்டைக்கல்லாற்றில் இறங்கினோம்.
இதற்காகத்தான் இத்தனை பேரும்.
விளம்பரத்தில் தடித்த எழுத்தில் இருந்தது:
பூநாரை இல்லையேல்
காற்பங்கு பணம் திருப்பித் தரப்படும்.
நீர் இருந்தது. சேறு இருந்தது.
ஒரு கொக்கு, அதுவும் முதுகைக் காட்டி.
காற்று மாறினால் வரும், என்றேன்.
காற்று மாறியது.
ஒரு தொப்பி போனது.

அப்பால், தலையில்லாப் பனைகள், வரிசையாய்.
வெள்ளவத்தைச் சிறுமி கேட்டாள்:
இதுக்கு என்ன நடந்தது?
இடி விழுந்தது.
எல்லாத்துக்குமா?
எல்லாத்துக்கும்.
பரராசா அண்ணை கியரை மாற்றினார்,
மாற்றத் தேவையில்லாத நேர் ரோட்டில்.
கண்ணாடியில் பார்த்தேன்.
கடைசி வரிசை பனைகளை எண்ணிக்கொண்டிருந்தது,
உதடு மட்டும் அசைந்தது.

வெள்ளாங்குளத்தில் பாரைக்குழம்பு,
உறைப்பு வேண்டாதவர்களுக்கு வேறு சட்டி.
விடத்தல்தீவில் கண்டற்காட்டுக்குள் போட்.
பிளேன்ரீ. சில்லறைத் தகராறு.
எல்லாம் நேரப்படி.

திரும்புகையில் கடல் இடப்பக்கம் வந்தது.
கடல் கேட்டுச் சண்டை பிடித்தவர்களுக்கு
நித்திரை வந்தது.

அஞ்சே முக்கால்.
பாலத்துக்கு முன்னமே அண்ணை காலை எடுத்தார்.
ஆற்றுவாய் முழுக்க
அவை.
மெல்லிய ரோஜா வண்ணம் என்று
எழுதித் தந்திருந்தார்கள், எனக்குப் பாடம்.
அப்படியில்லை.
சுடுதண்ணியில் பாத்திரம் கழுவி முடித்த
உள்ளங்கையின் நிறம்.
ஆயிரமோ, கூடவோ, ஒற்றைக் காலில்,
சந்தையில் விலை பேசுவதுபோல முணுமுணுத்தபடி.

மைக் கையில். பொத்தானில் விரல்.
பதினொரு வாய் திறந்து கிடந்தன.
பின்னால் ஒரு ஜன்னல் மட்டும்
சத்தமில்லாமல் நகர்ந்தது, நாலு விரற்கடை.

எழுப்பட்டோ? என்றார் அண்ணை.

காலையில் ஓர் இடியை விற்றிருந்தேன்.
இன்னொன்றையும் விற்க
வாய் வரவில்லை.

வேண்டாம்.
அப்ப காற்பங்கு?
என்ர கணக்கில வெட்டச் சொல்லுங்கோ.

எஞ்சினை நிறுத்தினார்.
சேற்று மணம் உள்ளே வந்தது.
ஒரு நிமிடமோ, மூன்றோ.
சிறுமி நித்திரையில் காலை மடக்கினாள்,
ஒன்றை மட்டும்.