கதவைத் தட்டும் பயிற்சி

சனிக்கிழமை எட்டரை. சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
பள்ளியின் மரவேலை அறைதான் எங்களுக்குக் கிடைத்தது.
கூரைத் தகட்டில் குரங்குகள் ஓடும் சத்தம்.
பதினொரு பேர், ஒன்பது கால்குலேட்டர்.
பத்து மணிக்கு மின்சாரம் போய்விடும்,
அதற்குள் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை முடித்தாக வேண்டும்.

மூன்றாம் பக்கம் குடும்ப வருமானம்.
யுகேஷ்ரீ பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள்:
"அப்பா எங்கே என்று தெரியாவிட்டால்
சுழியம் போடவா, கோடு போடவா?"
இரண்டும் வேண்டாம். காவல் நிலையத்தில்
சத்தியக் கடிதம் எழுதி வாங்கு.
காலையிலேயே போ, வரிசை நீளும்.
முத்திரை குத்துகிறவர் எதுவும் கேட்க மாட்டார்.
எனக்கும் அவர்தான் குத்தினார்.

பிறகு மதிப்பெண்ணைப் புள்ளியாக மாற்றுகிறோம்.
எழுபதுக்கு ஆறு, அறுபதுக்கு ஐந்து.
வாழ்க்கை வழிகாட்டல் என்று ஒரு பாடம்,
எல்லாரும் அதில்தான் அள்ளியிருக்கிறார்கள்,
அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்றதும்
சனேலே மேசை இடுக்கியைத் திருகித் திருகிச் சிரித்தான்.
வெல்பெடாக்டிலிருந்து இரண்டு டாக்சி மாறி வருகிறவன்.
"வாழ்க்கைக்குப் புள்ளி இல்லையாம்"
என்று பக்கத்திலிருந்தவனுக்கு ஜூலுவில் சொன்னான்.

விளக்கு அணைந்தது. சன்னலோரம் நகர்ந்தோம்.

கணக்கில் நான் தோற்கவில்லை.
மலைமேல் அந்த வளாகத்தில், மூன்றாம் மாடியில்,
ஒரு கதவுக்கு முன்னால் தோற்றேன்.
பேராசிரியர் பெயர். கீழே ஒரு அட்டை:
செவ்வாய், இரண்டு முதல் நான்கு வரை மாணவர் வரலாம்.
நான்கு செவ்வாய் போனேன்.
அட்டையைப் படித்தேன். பெயரின் எழுத்துகளை எண்ணினேன்.
உள்ளே யாரோ கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம்.
இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடியில் யாரும் கதவு தட்டுவதில்லை.
கீழே நின்று பெயர் சொல்லிக் கத்துவோம்,
சாவியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து மேலிருந்து போடுவார்கள்.
வீட்டில் மிஞ்சிய தமிழ் ஐந்தாறு சொல்:
சாமி, ரசம், அய்யோ, புளி,
அப்புறம் சும்மா இரு.
டாக்டர் முன்னால் சும்மா இரு.
வாடகைக்காரன் முன்னால் சும்மா இரு.
மற்றதெல்லாம் வீட்டிலேயே தங்கிவிட,
இது மட்டும் என்னோடு பஸ் ஏறி மலைக்கு வந்தது.

நவம்பரில் வேதியியல் முப்பத்தெட்டு.
உதவித்தொகை நின்றது.
ஒரு வருஷம் பேக்கரிக் கல்லாவில் நின்றேன்.
திரும்பிப் போனபோது முதல் செவ்வாயே தட்டினேன்.
உள்ளே இருந்தவர் வாயில் பிஸ்கட்,
கையால் உட்காரச் சொன்னார்.
அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் ஒரு வருஷம்.

எனவே இன்றைக்குப் பாடம் இது.
ஒவ்வொருவராக வெளியே போங்கள். கதவைச் சாத்துங்கள்.
தட்டுங்கள், பெயர் சொல்லுங்கள்,
புரியாததை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.
"மன்னிக்கவும்" என்று தொடங்கக் கூடாது.

சனேலே சோதனைக்கு வந்த போலீஸ் மாதிரி இடித்தான்,
கூரையிலிருந்து ஒரு குரங்கு குதித்து ஓடியது.
கவேந்திரன் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான்,
மூன்று தடவையும் வெளியே அனுப்பினேன்.
யுகேஷ்ரீ போனாள். கதவு சாத்தியது.
சத்தமே இல்லை.

கதவின் அடியிலுள்ள வெளிச்சத்தில் அவள் ஷூவின் நிழல்,
ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே.
எனக்குத் தெரியும் அந்த நடை.
எழுந்து போய்த் திறந்துவிடக் கை பரபரத்தது.
இடுக்கியைப் பிடித்துக்கொண்டேன்.
சும்மா இரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பிறந்ததிலிருந்து முதல்முறை அந்தச் சொல் உதவியது.

ஒரு தட்டு. கொஞ்சம் கழித்து இன்னொன்று.
"யுகேஷ்ரீ கோவெண்டர், பன்னிரண்டாம் வகுப்பு.
மோல் என்றால் என்னவென்று
இதுவரை எனக்கு யாரும் புரிகிற மாதிரி சொல்லவில்லை."

"எனக்கும்தான்" என்றான் சனேலே,
சன்னலைப் பார்த்தபடி.