கயிறு

முழங்கால் உயரம்தான்.
நாலு வயதுக் குழந்தை தாண்டிவிடும்.
வெள்ளி மாலை கட்டுகிறேன்,
திங்கள் காலை அவிழ்க்கிறேன்,
மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை.
இடையில் இரண்டு நாள்
"இல்லை" என்று சொல்ல
எனக்குச் சம்பளம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்
கலிஃபோர்னியாவின் இரண்டு மைல் மணல்.
பனிமூட்டத்துக்குள் எங்கோ
உப்புக்கொத்திகளின் ஒன்பது கூடுகள்.
கூடு என்பது மரியாதைக்கு.
யாரோ குதிகாலை அழுத்தியதுபோல் ஒரு பள்ளம்,
அதில் மணல் நிறத்திலேயே மூன்று முட்டை.
பொரிந்ததும் தாய் வேறு துணை தேடிப் போய்விடும்.
பருத்திக்கொட்டைக்குக் கால் முளைத்த மாதிரி
மூன்றையும் ஓட்டிக்கொண்டு
தகப்பன் அலையும்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு
ஒரு பழைய டொயோட்டா வந்து நின்றது.
டெல்ஃபினா. மொடெஸ்ட்டோவிலிருந்து மூன்று மணி நேரம்.
பாதாம் ஆலையில் தரம் பிரிக்கிற வேலை,
வாரம் ஐந்து நாள், அறுவடையில் ஆறு.
மகன் நெஃப்தலியின் கையில்
விலைச்சீட்டு கிழிக்காத பட்டம்.
பட்டத்தில் இறக்கை விரித்த கழுகு.

கடற்கரை மூடியிருக்கிறது, என்றேன்.
திறந்திருந்தாலும் பட்டம் கூடாது, என்றேன்.
பருந்தென்று பயந்து எழுந்துவிடும்,
முட்டை ஆறிப்போகும், என்றேன்.
சொன்னதெல்லாம் உண்மை.
உண்மையைச் சொல்லும்போதுகூட
என் குரல் ஏன் இப்படி
வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை போல் ஆகிறது?

"திங்கட்கிழமை?"
திறந்திருக்கும்.
"திங்கட்கிழமை யார் வருவாங்க?"

தெரியாது என்பதுபோல் கடலைப் பார்த்தேன்.
தெரியும்.
குதிரை வளர்ப்பவர்கள்.
ஓய்வூதியக்காரர்கள்.
அலையைப் பார்த்து ஜன்னல் வைத்து
வீடு கட்டியவர்கள்.

"அந்தக் குருவிக்குச் சனி ஞாயிறு தெரியுமா என்ன?"
கேலியாகத்தான் கேட்டாள்.
தெரியும், என்றேன்.
ஜீப்பிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்தேன்.
குஞ்சு காணாமல் போன நாட்கள்,
கயிறு கட்டுவதற்கு முந்தைய வருடங்கள்:
சனி. ஞாயிறு. சனி.
ஒரு செவ்வாய், அது அண்டங்காக்கை.
ஞாயிறு. ஞாயிறு. சனி.

விரல் வைத்துப் படித்தாள்.
ஆலையில் சொத்தைப் பருப்பை
ஒதுக்குகிற விரலாக இருக்கும், வேகமாகப் போனது,
ஒரு பக்கம், மறு பக்கம்.
"நாங்கதான்," என்றாள்.
நான் அப்படிச் சொல்லவில்லையே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதிவேடு சொல்லி முடித்திருந்தது.

அவர்கள் திரும்பிப் போகவில்லை.
காரின் முன்மூடியில் காகிதம் விரித்து
மூடிய கடற்கரையை எதிரே வைத்துக்கொண்டு
சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தமாலே வந்தது.
விதிப்படி வாங்கக்கூடாது. வாங்கினேன்.
பிறகு அவள் செருப்பைக் கழற்றி
முன் சீட்டைச் சாய்த்துத் தூங்கினாள்,
கடலுக்கு வந்தவள்
தூக்கத்துக்கு வந்தவள்போல.

பையன் கயிற்றுக்கு இந்தப் பக்கம்
குப்புறப் படுத்தான், மோவாய் மணலில்.
என் தொலைநோக்கியைக் கொடுத்தேன்.
ஒன்றும் இல்லை, என்றான்.
ஒன்றும் இல்லை.
கால் மணி நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு மெதுவாக,
யாரையும் எழுப்பாத குரலில்:
"மணல் ஓடுது."

ஆமாம்.
கொஞ்சம் மணல் ஓடியது,
நின்றது, திரும்பிப் பார்த்தது,
பின்னால் இன்னும் கொஞ்சம் மணல்,
அதற்கும் பின்னால் இன்னும் கொஞ்சம்.
எண்ணினான். மூன்று.
நாலு மணிக்குக் கிளம்பினார்கள்.
பட்டம் பின் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு போனது,
கழுகு என்னைப் பார்த்தபடி.

திங்கள் கயிறு அவிழ்த்தேன்.
சனி ஞாயிறும் உள்ளே நடந்தவள் நான் ஒருத்திதான்,
என் பூட்ஸ் தடத்தை
என் பூட்ஸ் தடமே எதிர்கொண்டது.
புதன்கிழமை தகப்பனிடம் இரண்டுதான் இருந்தன.
மேட்டில் அண்டங்காக்கை,
அலகைத் துடைத்துக்கொண்டு.

பென்சிலால் எழுதினேன்: புதன்.
நீங்கள் இல்லை என்று
அவளுக்குச் சொல்லியிருப்பேன்.
முகவரி வாங்கி வைக்கவில்லை.