முதலில் விழுந்தது

எல்கோவில் பனி. சுரங்கத்துப் பேருந்து
பகல் ஷிஃப்ட்டை இறக்கிவிட்டுப் போயாயிற்று.
மூன்றாம் மேசையில் சீட்டுப் போடுகிறேன்.
நாற்பது டாலர் கட்டிவிட்டுக்
கை கட்டிக்கொண்டார் பல் மருத்துவர் விட்டேக்கர்.
அடுத்தவன் டுவேன். நகக்கண்ணில் இன்னும் மண்.
ஒற்றைக் கறுப்புச் சில்லு, நூறு,
மணிக்கட்டைச் சொடுக்கி எறிந்தான்.
"ரெய்ஸ்" என்றான்.

என்றானா, எறிந்தானா, எது முன்னால்?

வாய் திறக்காமல் போட்ட ஒற்றைச் சில்லு
எத்தனை பெரிதானாலும் ஏற்பு மட்டுமே.
சொல் முந்தியிருந்தால் ஏற்றம்.
ஏற்புக்கும் ஏற்றத்துக்கும் நடுவே
பச்சைத் துணியில் ஒரு சில்லு
சாயும் நேரம்தான் இருக்கிறது.

"ஃப்ளோர்!" நானே கை தூக்கினேன்.
வந்தாள் மைதே எச்செவெரி,
பாதி மென்ற சாண்ட்விச்சோடு.
அவர்கள் இருவரையும் விட்டு என்னிடம் கேட்டாள்:
"உனக்கு என்ன கேட்டது?"

என்ன பார்த்தாய் என்றிருந்தால் பதில் இருந்தது.
சில்லு விளிம்பில் நின்று, யோசித்து, படுத்ததுவரை
பார்த்தேன்.
காது அப்போது எங்கே போயிருந்தது?
தொலைக்காட்சியில் ஹாக்கி. யாரோ இருமினார்கள்.
நான்காம் இருக்கைக்காரர்
"எழுபத்தெட்டில், வின்னமக்காவில்..." என்று தொடங்க
"நீங்கள் இந்தக் கையில் இல்லை" என்றாள் மைதே.

"சில்லு முதலில்" என்றேன்.
குரல் நடுங்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

"ஏற்பு. அறுபதைத் திருப்பிக் கொடு."
அவ்வளவுதான் தீர்ப்பு.
மிச்ச சாண்ட்விச் அதைவிடப் பெரிது.

டுவேன் மல்லுக்கு நிற்கவில்லை.
அறுபதையும் எண்ணாமல் இழுத்துக்கொண்டான்.
ஐந்தாம் சீட்டைத் திருப்பினேன்: ஸ்பேடு.
மருத்துவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.
இருநூறு கட்டினார். டுவேன் பார்த்தான், கொடுத்தான்.
பானையை அணைத்து இழுக்கையில்
அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம்.
"நூறென்றால் மடித்திருப்பேன்" என்றார்,
ஆறுதல் சொல்கிறவரைப்போல.

இடைவேளை.
காப்பி இயந்திரத்தின் அருகே, ஊழியர் அறையில்
ஒரு கால் டாலர் நாணயத்தை எறிகிறேன், "ரெய்ஸ்" என்கிறேன்.
எறிகிறேன், என்கிறேன்.
மூன்றாம் முறை நாணயம் முந்தியது.
நான்காம் முறை சொல்.
ஏழாம் முறை எதுவென்று தெரியவில்லை,
எறிந்ததும் சொன்னதும் நானாகவே இருந்தும்.

மைதே கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
எவ்வளவு நேரமாகவோ.
"இது மரமேசை" என்றாள். "துணி இல்லை.
சத்தம் வேறு மாதிரி வரும்."